அறுத்த கல்

குலசேகரத்தாரின் கிணற்றை
நாலாம் முறை ஆழமாக்கியபோது
கம்பிப்பாரை வெறும் வெளிக்குள் விழுந்தது.
சுண்ணக்கல்லுக்குள் ஓர் அறை,
ஓராள் குந்தியிருக்கக் காணும்.
தரையிலிருந்து எழும்பி நின்றது
முழங்கை உயரத்தில் ஒரு கல் முளை.

"உதுக்கு விலை வருமோ, பிள்ளை?"
வராது என்றேன்.
"அப்ப கொண்டு போம்."

சொட்டுக்கல் தண்ணீருக்குள் வளராது.
காற்றிருக்க வேண்டும், கூரையில் கசிவிருக்க வேண்டும்.
இது வளர்ந்த நாளில்
அச்சுவேலிக் கிணறுகளின் நீர்மட்டம்
எந்தக் கயிறும் எட்டாத கீழே.
கடல் அதற்கும் கீழே.
பருத்தித்துறையிலிருந்து கோடிக்கரைக்கு
கணுக்கால் நனையாமல் போயிருக்கலாம்,
பருத்தித்துறை என்று ஒன்று இல்லாததைத் தவிர
தடை ஏதுமில்லை.
தண்ணீரெல்லாம் தூர வடக்கில்
பனியாய் அடுக்கிக் கிடந்தது.

எங்கள் ஆய்வுகூடத்து வாள் பழுது.
டெண்டர் போட்டுப் பதினாலு மாதம்.
ஆகவே அல்போன்ஸின் கல்லறைக்கல் கடை.
அவர் மேசையில் ஒரு கருங்கல் பலகை:
மலர்வு 1951.
உதிர்வு என்பதற்கு நேரே வெறுமை.
"ஆள் உயிரோடைதான். கனடாக் காசு.
நாலு இலக்கம் மட்டும் பாக்கி."

வாள் சுழன்றது. பால்போல வழிந்தது கழுவிய நீர்.
கல் இரண்டாய் விரிந்தது.
தேங்காய்ச் சொட்டின் வெள்ளை,
பிறகு பிளேன்ரீ நிறம், மறுபடி வெள்ளை.
அல்போன்ஸ் நகத்தை ஓரிடத்தில் வைத்தார்.
"மெல்ல மெல்ல மங்கி வருது, பாத்தீங்களோ.
பிறகு ஒரே வெட்டு.
ஆரோ கோபத்திலை பூச்சை மாத்தின மாதிரி."

எட்டு மாதம் கழித்து முடிவு வந்தது.
முப்பத்தெட்டாயிரம் ஆண்டு,
முன்பின் முந்நூறு.
(முன்பின் முந்நூறு என்பதற்குள்
யாழ்ப்பாணத்தின் எத்தனை கொடிகள் ஏறி இறங்கும்.)
வரைபடத்தை அவரிடமே கொண்டு போனேன்.
மேலே கிறீன்லாந்துப் பனியைத் துளைத்தெடுத்த கோடு,
கீழே எங்கள் கிணற்றுக் கல்லின் கோடு.
சட்டென்று ஓர் ஏற்றம், நீண்ட சரிவு,
சட்டென்று இன்னொன்று.
அவர் சிரித்தார்.
"இது என்ர கைவாளின்ர பல்லெல்லோ."

அங்கே பனியின்மேல் வெப்பம் பாய
இங்கே மழை திரும்பியிருக்கிறது.
அந்த வெட்டு ஒரு மயிரகலம்.
ஆண்டுக் கணக்கில் நாற்பது.
இன்னும் குறையலாம், கருவிக்கு அவ்வளவுதான் கண்.
முள்ளையும் புழுதியையும் கண்டு நடைபழகிய ஒருத்தி
நரைத்தபோது
முழங்காலளவு வெள்ளத்தில் நின்றிருப்பாள்.
யாரிடமாவது சொல்லியிருப்பாள்
முந்தி இப்படி இல்லை என்று.
அவர்கள் நம்பியிருக்கமாட்டார்கள்.

நாற்பது என்றதும்
குலசேகரத்தார் விரல் மடிக்கத் தொடங்கினார்.
"எண்பத்தினாலிலை பதினெட்டு அடி.
இடம்பெயர்ந்துபோய்த் திரும்பி வரேக்கை இருபத்தொண்டு.
மகள் கலியாணத்துக்கு இருபத்தாறு.
இப்ப முப்பத்திமூண்டு, வெங்காயத்துக்கு உப்பு..."
சுண்டுவிரல் மடங்காமல் நின்றது.
அவர் அதைப் பார்த்தார்,
பிறகு மோட்டரைப் பார்த்தார்.

கல்லின் மற்றப் பாதியை
கேட்டு வாங்கிக்கொண்டார்.
போன கிழமை போனபோது
சுவிச்சுப் பெட்டியின் படங்கு பறக்காமல்
அதைத்தான் பாரமாய் வைத்திருந்தார்,
அறுத்த முகம் மேலே.

குழாய் மூட்டில் ஒரு கசிவு.
துளி ஒன்று திரண்டு, தயங்கி,
வெள்ளையும் பழுப்பும் சந்திக்கும் கோட்டுக்குச்
சற்றுத் தள்ளி விழுந்தது.
"வாசர் போயிட்டுது, மாத்த வேணும்," என்றார்.
நான் நேரம் பார்த்தேன்.
அடுத்த துளிக்குப் பதினொரு விநாடி.